நல்ல தண்ணீர் ஒரு செம்பு

ஆம்பூரில் அந்தச் சைக்கிள் கடைக்குத் திங்கட்கிழமை காலையில் போனால் சேறு காய்ந்த வண்டி ஒன்று வாசலில் நிற்கும். தடித்த டயர், அகன்ற ஹேண்டில்பார், சட்டத்தின் கீழ்க்குழாயில் பதிந்த கறுப்பு பேட்டரி. ஞாயிறு விடியலில் ஏலகிரி ஏறி, மண் தடத்தில் உருண்டு புரண்டு திரும்பிய பேட்டரி சைக்கிள் அது. கடைக்காரர் வண்டியைத் தொடுவதற்கு முன்னால் வாளித் தண்ணீரில் விரலை நனைத்து, கறுப்புக் கண்ணாடித் துண்டு ஒன்றின்மேல் ஒரு சொட்டு விடுகிறார். கண்ணாடியை வெயிலில் வைத்துவிட்டு டீ வாங்கப் போகிறார். அவர் திரும்பி வருவதற்குள் சொட்டு காய்ந்து, அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வளையம் நிற்கிறது.

“தண்ணி போயிடும் தம்பி. உப்பு எங்க போவும்?”

ஊரில் எல்லோருக்கும் அவர் பாய். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. புது வாடிக்கையாளர் யாராக இருந்தாலும் முதலில் அந்தக் கண்ணாடியைத்தான் காட்டுவார். மோட்டார், கியர், பிரேக் பற்றிய பேச்சு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சைக்கிள் வேலையை அவர் கற்றது அப்பாவின் வாடகை சைக்கிள் கடையில். மட்கார்டில் எண் எழுதிய வண்டிகள், மணிக்கணக்கு குறிக்கும் நீள நோட்டு, மண்ணெண்ணெய்த் தட்டில் ஊறும் பால்ரஸ் குண்டுகள். போக்ஸ் கம்பி மாற்றவும் ரிம்மில் கோட்டம் எடுக்கவும் பள்ளிக்கூட வயதிலேயே கை பழகிவிட்டது. வாடகை சைக்கிள் காலம் ஓய்ந்த பிறகு, அரசின் விலையில்லா சைக்கிள்கள் கடையைத் தாங்கின. 2001இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கெனத் தொடங்கிய அந்தத் திட்டம் பின்னர் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் பலருக்கும் விரிந்தது. படிப்பு முடித்து ஷூ கம்பெனி வேலைக்குப் போன பிள்ளைகளில் சிலர், அதே சைக்கிளில் 250 வாட் மோட்டார் கிட் மாட்டித் தரச் சொல்லி வந்து நின்றார்கள். பாயின் கை முதலில் மின்சாரத்தைத் தொட்டது அப்போதுதான்.

அதன்பின் காலம் வேகமாக மாறியது. ஹேமலதா அண்ணாமலை 2008இல் கோவையில் தொடங்கிய ஆம்பியர் நிறுவனம் கிரீவ்ஸ் குழுமத்தின் கைக்குப் போய், 2021 நவம்பரில் பக்கத்து ராணிப்பேட்டையில் பெரிய மின்வண்டித் தொழிற்சாலை திறந்தது. ஓசூரிலும் கிருஷ்ணகிரி பக்கத்திலும் மின்ஸ்கூட்டர் ஆலைகள் வந்தன. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் மேல் போகாத பேட்டரி சைக்கிளுக்குப் பதிவும் வேண்டாம், ஓட்டுநர் உரிமமும் வேண்டாம். ஷூ கம்பெனிகளில் டிசைன் பார்க்கும் இளைஞர்களும் வேலூரில் படிக்கும் மாணவர்களும் மலை ஏறுகிற வண்டிகளாகத் தேடி வாங்கினார்கள். ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஊர் இருப்பது ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில். சாதாரண சைக்கிளில் மூச்சு வாங்கும் அந்த ஏற்றத்தை மோட்டார் துணையோடு மிதித்து ஏறலாம். மேலே போய் மண் பாதைகளில் இறங்கலாம். சேற்றோடு திரும்பி வந்தால் கழுவ ஒருவர் வேண்டும்.

கழுவும் விதத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது சைக்கிள் கடையைவிட டேனரிதான். இளவயதில் இரண்டு வருடம் தோல் ஊறவைக்கும் பிரிவில் வேலை பார்த்தார். உரித்த தோல் அழுகாமல் இருக்க அதன்மேல் உப்பைக் கொட்டித் தேய்ப்பார்கள். தோலின் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு அளவுக்குக்கூட உப்பு செலவாகும். டேனரிக்கு வந்ததும் அந்த உப்பு முழுவதையும் தண்ணீரில் ஊறவைத்து வெளியேற்ற வேண்டும். சுண்ணாம்பு, குரோமியம் எல்லாம் அதற்கு அடுத்த கட்டம். அழுக்கையும் குரோமியத்தையும் சுத்திகரிப்பில் படியவைத்துப் பிரிக்கலாம். கரைந்த உப்பு படியாது. சவ்வு வழியே அழுத்தி வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி ஆவியாக்கினால்தான் அது தண்ணீரை விட்டுப் பிரியும். அந்த ஏற்பாடுகள் வருவதற்கு முன், பல பத்தாண்டுகள் பாலாற்றுப் படுகைக்குள் போன உப்புதான் இன்று கிணறுகளில் நிற்கிறது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் ஊன்றியதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரும் பங்கு உண்டு. 2025 ஜனவரி 30 அன்றும் அதே பாலாற்று மாசுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. அந்தத் தலைமுறைப் பிள்ளைகள்தான் இன்று பாயின் கடைக்கு வண்டி கொண்டுவருகிறார்கள். ஆழ்துளைக் குழாயில் வரும் தண்ணீரில் அந்தப் பழைய உப்பு இன்னும் இருக்கிறது.

கழிவுநீர் ஆய்வகத்தில் வேலை செய்யும் வாடிக்கையாளர் ஒருவர் ஒருநாள் சட்டைப்பையிலிருந்து டி.டி.எஸ். மீட்டரை எடுத்துக் கடை வாளியில் விட்டார். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். மீட்டர் அந்த மேல் எல்லையையும் தாண்டி நின்றது. பாய்க்கு ஆச்சரியமே இல்லை. கண்ணாடித் துண்டு அவருக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தது.

பேட்டரி சைக்கிளுக்கு இந்த உப்பு ஏன் இவ்வளவு கெடுதல்? சாதாரண சைக்கிளில் உப்புத் தண்ணீர் பட்டால் துரு பிடிக்கும், அவ்வளவுதான். இங்கே செப்பு முனைகளுக்கு இடையே மின்னழுத்தம் நிற்கிறது. 36 வோல்ட் பேட்டரியில் பத்து செல்கள் வரிசையாக இருக்கும். முழு சார்ஜில் ஒவ்வொன்றும் 4.2 வோல்ட், மொத்தம் 42. தண்ணீர் காய்ந்த பிறகும் தங்கும் உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்து மறுபடி நனைகிறது. நனைந்த உப்பு மின்சாரத்தைக் கடத்துகிறது. நேர்முனையில் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து பச்சை பூக்கிறது. செம்புப் பாத்திரத்தில் புளி போட்டுத் தேய்க்கும் அதே களிம்புதான். பாத்திரத்தில் அது கண்ணுக்குத் தெரியும். கனெக்டருக்குள் என்றால் வண்டி ஏற்றத்தில் நிற்கும்போதுதான் தெரியும்.

அப்படி நின்ற ஒரு வண்டியை பாய் மறக்கவில்லை. வாங்கிச் சில மாதங்களே ஆனது. ஒவ்வொரு ஞாயிறும் நெடுஞ்சாலை ஓரத்து வாட்டர் சர்வீஸில் காரோடு காராக நிறுத்திப் பீய்ச்சி அடித்திருக்கிறார்கள். ஏலகிரி ஏற்றத்தின் நடுவில் மோட்டார் அடங்கிவிட்டது. கடைக்கு வந்ததும் பின்சக்கர மோட்டாரின் ஒயர் இணைப்பைப் பிரித்தார். உள்ளே ஒரு முனை முழுக்கப் பச்சை. பெடல் அச்சுக்குள் இருந்த கிரீஸ் பால்போல் வெளுத்திருந்தது. கிரீஸுக்குள் தண்ணீர் புகுந்து கலங்கியதன் அடையாளம் அது.

வாடிக்கையாளருக்குக் கோபம். “அண்ணே, வாட்டர்ப்ரூஃப்னுதான் சொல்லி வித்தாங்க.”

பாய் அவரை உட்காரவைத்து எண்களை விளக்கினார். ஐ.பி. என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் இரண்டாவது எண் தண்ணீரைப் பற்றியது. 4 என்றால் எந்தப் பக்கமிருந்து தெறித்தாலும் தாங்கும். 5 என்றால் சாதாரணக் குழாய்ப் பீய்ச்சலைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே கெடுதல் செய்யும் அளவுக்குத் தண்ணீர் போகாது. பம்பு போட்டு நெருக்கத்தில் அடிக்கும் பீய்ச்சல் இவை எல்லாவற்றையும்விடக் கடுமையானது. பல மின் சைக்கிள் பாகங்கள் 4ஆம் எண்ணில்தான் நிற்கின்றன. இன்னொரு சங்கதியும் உண்டு. அந்தச் சோதனைகள் புதுப் பொருளில், நல்ல தண்ணீரில் செய்யப்படுபவை. ரப்பர் இறுகிப்போன இரண்டு வருட வண்டியையும் பாலாற்றங்கரைப் போர் தண்ணீரையும் வைத்து யாரும் அந்த எண்ணைத் தருவதில்லை.

இன்னொரு வீட்டில் நடந்ததும் அதே கதைதான், வேறு வழியில். வீட்டு ஆர்.ஓ. கருவியிலிருந்து வழியும் தண்ணீரை வீணாக்காமல் பிடித்து, அதில் வண்டி கழுவியிருக்கிறார் அந்த வீட்டு அம்மா. சிக்கனம் நல்லதுதான். ஆனால் ஆர்.ஓ. கருவி நல்ல தண்ணீரை ஒரு பக்கம் தந்துவிட்டு, விட்டுப்போன உப்பு அத்தனையையும் மறுபக்கத் தண்ணீரில்தான் சேர்க்கிறது. வாசல் தெளிக்கலாம், கழிவறைக்கு ஊற்றலாம். பேட்டரி வண்டிக்கு அது போர் தண்ணீரைவிட மோசம்.

இந்த அனுபவங்களிலிருந்து பாய் வைத்துக்கொண்ட முறைக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் பேட்டரியை அணைத்துக் கழற்றுவார். கழற்றிய இடத்தில் தெரியும் முனைகளை மூடிபோட்டு அடைப்பார், மூடி இல்லாத வண்டிக்குச் சுத்தமான பிளாஸ்டிக் தாளைச் சுற்றி டேப் ஒட்டுவார். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவதே இல்லை. பிழிந்த துணியால் துடைப்பதோடு சரி. வண்டியைச் சீட்டிலும் ஹேண்டில்பாரிலும் தலைகீழாக நிறுத்தும் பழைய பழக்கத்தை விட்டுவிட்டார். இருபது கிலோவுக்கு மேல் கனக்கும் வண்டி. ஹேண்டிலில் டிஸ்பிளேவும் சுவிட்சும் இருக்கின்றன. கவிழ்த்தால் அவை நசுங்கும், வழக்கமாகக் கீழ்ப்பக்கம் வழியும் தண்ணீர் புகக்கூடாத வாய்களுக்குள் புகும். கூரைக் கம்பியிலிருந்து தொங்கும் இரண்டு கொக்கிகளில் சட்டத்தை மாட்டி, நிமிர்ந்தபடியே கழுவுகிறார்.

சேறு காய்ந்திருந்தால் முதலில் உலர்ந்த பிரஷ். ஆம்பூரில் ஷூ தேய்க்கும் மயிர்ப் பிரஷுக்குப் பஞ்சமில்லை. காய்ந்த மண்ணை ஈரத்துணியால் இழுத்தால் பெயின்டில் கீறல் விழும், அதனால் உதிர்ப்பதுதான் முதல் வேலை. பிறகு வாளியில் வண்டி ஷாம்பூ கலந்து, மேலிருந்து கீழாகப் பஞ்சால் துடைப்பார். பாத்திரம் கழுவும் திரவத்தைத் தொடமாட்டார், அதைக் கெட்டியாக்கவே பலவற்றில் உப்பு சேர்க்கிறார்கள். அலசுவதற்குப் பூவாளி. மோட்டார், பெடல் அச்சு, ஒயர் நுழையும் வாய்கள் ஆகியவற்றின்மேல் நேராகத் தண்ணீர் விழாமல் கை வைத்து மறைத்துக்கொள்வார்.

கடைசியாக நல்ல தண்ணீர். குடிக்கப் பிடித்துவைத்த தண்ணீரிலிருந்து ஒரு செம்பு மட்டும். குடங்கள் வரிசையில் காத்துக் கிடந்த காலத்தைப் பார்த்தவருக்கு அதற்குமேல் எடுக்க மனம் வராது. ஆனால் அந்த ஒரு செம்பை விட்டுவிடவும் மாட்டார். துணியை அதில் நனைத்துப் பிழிந்து, சட்டம், ஒயர், இணைப்பு, ஸ்குரூ தலை என்று ஒவ்வோர் இடமாகத் தொட்டுத் தொட்டு உப்பை எடுக்கிறார்.

துடைப்பதற்கு அவரிடம் இருப்பது இந்த ஊர்ப் பொருள். மீன் எண்ணெயில் பதனிட்ட செம்மறித் தோல், ஷாமாய் லெதர். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்தால் துணியைவிட மென்மையாக இருக்கும், ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நூல் உதிராது. துடைத்தபின் தோலை அலசி நிழலில் உலர்த்துவார். வெயிலில் போட்டால் விறைத்துவிடும். தோல் என்றாலே நிழல்தான் என்று டேனரியில் படித்தது அவர் கையில் அப்படியே இருக்கிறது. வண்டியையும் நிழலில்தான் உலரவிடுகிறார்.

ஈரம் போனபிறகு இணைப்புகளைத் திறந்து பார்ப்பார். பக்கத்து மொபைல் கடைக்காரரிடம் கற்ற வித்தை இது. பழைய பல் பிரஷ், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பச்சை தெரியும் முனையில் மெதுவான தேய்ப்பு. உலர்ந்ததும் ரப்பர் வளையத்தில் மெல்லிய பூச்சாகச் சிலிகான் கிரீஸ். பின்சக்கர மோட்டாரின் ஒயர் அச்சு வழியாக உள்ளே போகும் இடத்தில் ஒயரைக் கொஞ்சம் கீழே தொய்யவிட்டுக் கட்டுகிறார். ஒயரில் வழிந்து வரும் மழைத்தண்ணீர் அந்தத் தொய்வின் அடியில் சொட்டிவிடும், மோட்டாருக்குள் போகாது. ஒரு சுருக்குக் கட்டு, அரை நிமிட வேலை. எத்தனையோ மோட்டார்கள் அதனால் பிழைத்திருக்கின்றன.

செயினுக்கு வரும்போது அவர் குரல் மாறுகிறது. மண்ணெண்ணெயில் முக்கி எடுத்த காலம் போய்விட்டது. பேட்டரி இருக்கும் பட்டறையில் மண்ணெண்ணெய்த் தட்டைத் திறந்துவைப்பது ஆபத்து, ரப்பர் சீல்களுக்கும் அது ஆகாது. பிரஷால் தேய்த்து, துடைத்து, உலர்ந்தபின் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய். நூற்றுக்கு மேற்பட்ட கண்ணிகளுக்கும் பொறுமையாக விட்டு, பெடலைச் சுற்றி, வெளியே நிற்கும் எண்ணெயைத் துடைத்தெடுப்பார். மேலே தங்கும் எண்ணெய் புழுதியைப் பிடித்துச் சாணைக்கல்லாக மாறும். பெடல் அச்சில் மோட்டார் உள்ள வண்டியில் மனிதக் காலோடு மோட்டாரின் இழுவையும் ஒரே செயினில் விழுகிறது, தேய்மானம் சீக்கிரம் வரும்.

அதை அளக்க அவர் வைத்திருப்பது ஒரு அடி ஸ்கேல். செயினில் ஒரு கண்ணி அரை அங்குலம், 24 கண்ணி சரியாக 12 அங்குலம். அந்தப் பன்னிரண்டு ஒரு அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால் செயினை மாற்றச் சொல்வார். தள்ளிப்போட்டால் பல்சக்கரங்களும் சேர்ந்து தேய்ந்து, செலவு பல மடங்காகும்.

மலைசைக்கிள் என்ற வண்டியே பராமரிப்புக் கதையோடு பிறந்தது என்பதை ஒரு மாணவர் சொல்லித்தான் பாய் அறிந்தார். 1976இல் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி முதலிய இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களில் மலைப்பாதை இறங்கிப் பந்தயம் விட்டார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக். இறங்கி முடிப்பதற்குள் அச்சின் கிரீஸ் சூட்டில் புகைந்து போய்விடும். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் கிரீஸை மறுபடி அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது. பின்சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் வைத்த மின்சைக்கிளுக்கு ஆக்டன் போல்டன் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது அதற்கும் முன்னால், 1895இல். இரண்டையும் கேட்ட பாய், கிரீஸ் கதையை மட்டும் மூன்று முறை சொல்லச் சொன்னார்.

பிரேக்கில் அவர் கற்ற பாடம் கடினமானது. பேட்டரி சைக்கிள் வேலைக்குப் புதிதாக இருந்தபோது, செயினுக்கு ஸ்பிரே எண்ணெய் அடித்தார். காற்றில் சிதறிய துளிகள் பின்பக்க டிஸ்க்கில் படிந்தன. சோதனைக்கு ஓட்டிப் பார்த்தபோது பிரேக் பிடிக்கவே இல்லை, முன்பிரேக்கால் தப்பினார். எண்ணெய் குடித்த பிரேக் பேடை எவ்வளவு தேய்த்தும் பயனில்லை, மாற்றித்தான் கொடுத்தார். ஏலகிரி இறக்கத்தில் ஒரு பிள்ளைக்கு அது நடந்திருந்தால் என்ற நினைப்பு அவரை இன்னும் விடவில்லை. அன்று முதல் டிஸ்க்கை மூடாமல் எண்ணெயைத் திறப்பதில்லை. பிரேக் திரவத்திலும் மினரல் ஆயில் ஒரு வகை, டாட் திரவம் வேறு வகை. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் கெட்டுவிடும். இரண்டு புட்டிகளும் கடையில் தனித்தனி அலமாரியில் இருக்கின்றன.

பேட்டரியைப் பற்றிப் பேசும்போது அல்லாபுரம் நினைவுக்கு வராமல் இருக்காது. 2022 மார்ச் இறுதியில் வேலூர் அல்லாபுரத்தில், இரவில் சார்ஜ் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பிடித்து, வீட்டுக்குள் புகை சூழ்ந்து ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். அவ்வாண்டின் தீ விபத்துகளுக்குப் பிறகு மின்வண்டிப் பேட்டரிகளுக்கான பாதுகாப்பு விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது. பதிவு தேவைப்படாத சைக்கிளுக்கு, வாங்குபவரும் பழுதுபார்ப்பவரும்தான் முதல் காவல். கழுவிய ஈரத்தோடு சார்ஜ் போடக்கூடாது. வாசலை மறித்தும் மாடிப்படியின் கீழும் போடக்கூடாது. எல்லோரும் தூங்கும் நேரத்தில் போடக்கூடாது. கத்தரி வெயிலில் நின்ற வண்டியின் பேட்டரி கைக்குச் சுட்டால், ஆறும்வரை காத்திருக்க வேண்டும். லித்தியம் அயான் செல்களைச் சார்ஜ் செய்ய 45 டிகிரி செல்சியஸ்தான் பொதுவான மேல் எல்லை. வேலூர் மே மாதத்தில் நிழலிலேயே நாற்பதைத் தாண்டும் ஊர்.

வெள்ளம் அதைவிடப் பெரிய சோதனை. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டுப் போனபோது, தாழ்வான வீடு ஒன்றில் மூழ்கிய பேட்டரி சைக்கிளைக் கொண்டுவந்தார்கள். காய்ந்திருக்கிறது, சார்ஜ் போட்டுப் பாருங்கள் என்றார்கள். பாய் மறுத்துவிட்டார். பேட்டரியைக் கழற்றி, கடைக்கு வெளியே திறந்தவெளியில், எரியும் பொருள் எதுவும் அருகில் இல்லாத சிமென்ட் தரையில் தனியே வைத்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் புளோரிடாவை இயன் புயல் தாக்கியபோது கடல் நீரில் மூழ்கிய மின்கார்களில் சில, வெள்ளம் வடிந்து நாட்கள் கழித்து எரிந்தன. உள்ளே தங்கிய உப்பு மெல்ல அரித்துச் செல்களை இணைத்துவிட்டது என்பதே காரணம். செய்தியைப் பார்த்த அந்தச் சைக்கிள்காரர் பாயைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை மாலை. காலையில் சேறாக நின்ற வண்டி கொக்கியில் உலர்ந்து தொங்குகிறது. பாய் மோட்டார் ஒயரின் தொய்வை ஒரு முறை இழுத்துப் பார்க்கிறார். பேட்டரி முனைகளைக் கைவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தபின்தான் அதை உள்ளே தள்ளிப் பூட்டுகிறார். வண்டிக்காரர் வேலை விட்டு நேராக வந்திருக்கிறார். இரண்டு வாரம் ஊரில் இருக்கமாட்டாராம். அப்படியென்றால் முழு சார்ஜ் வேண்டாம், பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாக வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார் பாய்.

“வந்ததும் ஏலகிரிதான் பாய். அதுக்குள்ள மழை பிடிச்சுடும்.”

பாய் உள்ளே போய், நிழலில் காய்ந்த ஷாமாய் லெதரிலிருந்து கையகலத் துண்டு ஒன்றைக் கத்தரித்து எடுத்து வருகிறார். ஒரு சின்னத் தண்ணீர்ப் புட்டியையும் சேர்த்து வண்டிக்காரரின் பைக்குள் வைக்கிறார். புட்டியில் இருப்பது நல்ல தண்ணீர்.